கோவிவனுக்குக் கிடைத்த மரியாதை

எல்லையில் ஒரு சிப்பாய் இறந்தால் எங்கள் பக்கத்தில் முதலில் விளக்கு எரிவது ப்ளெக்ஸ் கடையில்தான். உடல் விமானத்தில் ஏறுவதற்குள் படம் கம்பத்தில் ஏறிவிடும். அனந்தபுரம், செஞ்சி, விழுப்புரம் என்று ஊர் எதுவானாலும் வடிவம் மாறாது. நடுவில் தலைவர் கைகூப்பி நிற்பார். அவருக்கு வலப்பக்கம் மாவட்டம், இடப்பக்கம் ஒன்றியம். அடியில் வரிசையாக வட்டம், கிளை, இளைஞரணி. ஒருவர் செல்போனைக் காதில் வைத்திருப்பார். துக்கம் விசாரிக்கிறாராம். இன்னொருவர் கறுப்புக் கண்ணாடி போட்டிருப்பார். அழுத கண்ணை மறைக்கிறாராம். சரி, செத்தவர் எங்கே? நன்றாகத் தேடுங்கள். கீழ் மூலையில், அச்சகத்தின் போன் நம்பருக்குப் பக்கத்தில், பாஸ்போர்ட் அளவில் ஒரு முகம். அவர்தான்.

உயிரைக் கொடுத்தவருக்குப் பாஸ்போர்ட் அளவு. ப்ளெக்ஸுக்குக் காசு கொடுத்தவருக்கு ஆளுயரம். யார் எதைக் கொடுத்தார்கள் என்று பார்த்துத்தானே இந்த நாட்டில் இடம் ஒதுக்குகிறார்கள்.

அந்த ப்ளெக்ஸ் கொஞ்ச நாள் நிற்கும். காற்றில் கிழியும். கடைசியில் ஏதாவது ஒரு மாட்டுக் கொட்டகைக்கு மறைப்பாகப் போய்ச் சேரும். அதுவரை அதன் அடியில் நின்று பஸ் ஏறுகிறவர்கள் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். 2019 செப்டம்பரில் சென்னை பள்ளிக்கரணையில் பேனர் விழுந்து, பின்னால் வந்த தண்ணீர் லாரியில் சிக்கி ஒரு இளம் பொறியாளர் இறந்தார். ஆளைக் கொல்ல நம் ஊரில் எதிரி நாடு தேவையில்லை. வரவேற்பு பேனரே போதும்.

மறுநாள் இன்னொரு ப்ளெக்ஸ் வரும். அதன் நிறத்தைப் பார்த்தாலே இறந்தவர் என்ன சாதி என்று தெரிந்துவிடும். மேஜர் முகுந்த் வரதராஜன் 2014 ஏப்ரல் 25 அன்று காஷ்மீரின் சோபியான் மாவட்டத்தில் தீவிரவாதிகளோடு நடந்த சண்டையில் இறந்தார். அசோக சக்ரா கிடைத்தது. பத்து ஆண்டு கழித்து, 2024 தீபாவளிக்கு ‘அமரன்’ படம் வந்தது. தமிழ்நாடே அழுதது. இடைவேளையில் பாப்கார்ன் வாங்கி வந்து மறுபடியும் அழுதது. வெளியே வந்து கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்ட முதல் கேள்வி: ‘அவரு என்ன ஆளுங்க?’ படத்தில் ஏன் சாதியைக் காட்டவில்லை என்று சமூக ஊடகத்தில் பெரிய சண்டை. தமிழன், இந்தியன் என்ற அடையாளம் போதும் என்று குடும்பமே கேட்டுக்கொண்டதாக இயக்குநர் விளக்கம் சொல்ல வேண்டியிருந்தது. சுட்டவன்கூட அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை.

செத்த வீரனுக்குக் கல் நடுவது தமிழனுக்குப் பழைய பழக்கம். அதற்குத் தொல்காப்பியம் முறை வகுத்திருக்கிறது. ஆறு படிகள்: காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்தல். நல்ல கல்லைத் தேடிக் காண்பது, நாள் பார்த்து எடுப்பது, நீராட்டுவது, நடுவது, படையலிட்டுச் சிறப்பிப்பது, வாழ்த்துவது. நாமும் மரபை விடவில்லை. ஆறு படிகளும் இன்றும் உண்டு. காட்சி: செய்தித் தொலைக்காட்சியில், இறந்தவரின் தாய் முகத்துக்கு நேராக மைக்கை நீட்டி ‘இப்ப எப்படி உணர்றீங்கம்மா?’ கால்கோள்: அமைச்சர் எத்தனை மணிக்குக் கால் வைப்பார் என்று தாசில்தார் விசாரிப்பது. நீர்ப்படை: அமைச்சர் கார் வரும் வழியில் புழுதி அடங்க லாரியில் தண்ணீர் தெளிப்பது. (தெருக் குழாயில் தண்ணீர் வராத தெருவாக இருக்கும். இருந்துவிட்டுப் போகட்டும்.) நடுதல்: சவுக்குக் கம்பம். பெரும்படை: பின்னால் வரும் கார்களின் எண்ணிக்கை. வாழ்த்தல்: சமூக ஊடகத்தில் தலைவரின் இரங்கல், அதற்குக் கீழே ‘அண்ணன் வாழ்க.’

இருபத்தோரு குண்டு முழங்கும். அந்தச் சத்தம் அடங்குவதற்குள் கார்கள் திரும்பிவிடும். அன்றைக்குத் தெளித்த தண்ணீர் காய்வதற்குள் தெரு பழைய தெருவாகிவிடும்.

இப்போது செங்கத்துக்கு வாருங்கள். செஞ்சியிலிருந்து கிளம்பித் திருவண்ணாமலையைத் தாண்டினால் வந்துவிடும். அந்த வட்டாரம் முழுக்க நடுகற்கள். அவற்றில் எடுத்தனூர்க் கல் தனி ரகம். மகேந்திரவர்மப் பல்லவனின் 34ஆம் ஆட்சியாண்டு, அதாவது ஏழாம் நூற்றாண்டு. எருமை மந்தையைக் காக்கப் போய் உயிர்விட்டவன் கருந்தேவக்கத்தி. கல்லில் அவன் உருவம் இருக்கிறது. பக்கத்திலேயே ஒரு நாயின் உருவமும் இருக்கிறது. கோவிவன் என்ற அந்த நாய் இரண்டு கள்ளர்களைக் கடித்துவிட்டுக் காவலாக நின்றது என்று தனியாக எழுதி வெட்டியிருக்கிறார்கள்.

சிற்பி கண்ட நியாயத்தைக் கவனியுங்கள். நாட்டை ஆண்ட மன்னனுக்குக் கல்லில் கிடைத்தது தேதி போட ஒரு வரி. உருவம் செத்தவனுக்கு. பெயர் செத்தவனுக்கு. எப்படிச் செத்தான் என்ற விவரம் செத்தவனுக்கு. மிச்சமிருந்த இடம் நாய்க்கு. மகேந்திரவர்மன் கைகூப்பி நிற்கும் படம் அதில் எங்கேயும் இல்லை. மண்டலத் தளபதி இல்லை. ‘இவண்’ என்று போட்டுக் கீழே நாற்பது பேர் இல்லை. ஆயிரத்து நானூறு ஆண்டுக்கு முன் ஒரு நாய்க்குக் கிடைத்த இடம் இன்றைக்கு ஒரு சிப்பாய்க்குக் கிடைப்பதில்லை. அந்தக் கல்லோ இன்னும் இருக்கிறது.

செஞ்சிக்காரர்களுக்கு இன்னொரு கதையும் தெரியும். ராஜா தேசிங்கு. கப்பம் கேட்ட ஆற்காட்டு நவாபு சாதத்துல்லா கானிடம் முடியாது என்று சொல்லி, சின்னஞ்சிறு படையோடு பெரும்படையை எதிர்த்துப் போய் 1714 அக்டோபர் 3 அன்று செத்தவன். இருபது வயதைக் கடந்தானோ இல்லையோ. கல்யாணப் பந்தலிலிருந்து எழுந்து வந்து அவனோடு சேர்ந்து செத்தான் நண்பன் மாவுத்துக்காரன் என்று தெருக்கூத்திலும் கதைப்பாட்டிலும் கேட்டிருக்கிறோம். இந்து ராஜாவுக்காக முஸ்லிம் நண்பன். இன்றைக்கு இதை மேடையில் சொன்னால் இரண்டு பக்கமும் கல்லெறிவார்கள். அது கிடக்கட்டும். தேசிங்கின் மனைவி உடன்கட்டை ஏறினாள். அதைப் புகழ நான் வரவில்லை, அது கொடுமை. ஆனால் தேசிங்கைக் கொன்ற அந்த நவாபு, அந்த ராணியின் நினைவாக ஒரு ஊரை உண்டாக்கினான் என்பது வரலாறு. அதுதான் ராணிப்பேட்டை. இன்று அது ஒரு மாவட்டம்.

எதிரி ஊரே கட்டினான். சொந்த அரசு வாரிசுச் சான்று கேட்கிறது.

2025 ஜூலையில் செஞ்சிக் கோட்டை யுனெஸ்கோ உலக மரபுப் பட்டியலில் ஏறியது. மராட்டிய ராணுவத் தலங்கள் என்ற தலைப்பில் பன்னிரண்டு கோட்டைகள். பதினொன்று மகாராஷ்டிரத்தில், மிச்சம் ஒன்று நம்முடையது. பெருமைதான். முகலாயத் தளபதி சுல்பிகார் கான் எட்டு ஆண்டு முற்றுகையிட்டும் திணறிய கோட்டை. அந்த எட்டு ஆண்டில் சுவருக்கு உள்ளேயும் வெளியேயும் எத்தனை சிப்பாய்கள் செத்தார்கள் என்று யாராவது எழுதி வைத்தார்களா? கல்லை எண்ணினார்கள். மலையை எண்ணினார்கள். ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி. ஆளை எண்ணவில்லை.

பழங்கதையை விடுங்கள், சுதந்திர நாட்டுக்கு வருவோம். டெல்லி இந்தியா கேட்டில் பொறித்திருப்பவை வெள்ளைக்காரனுக்காகச் செத்த இந்தியச் சிப்பாய்களின் பெயர்கள். கட்டியவனும் வெள்ளைக்காரன். சென்னைக் கோட்டைக்குப் பக்கத்தில் உள்ள போர் நினைவுச் சின்னத்தின் பிறப்பும் முதல் உலகப் போர் வெற்றிக்காகத்தான். சுதந்திர இந்தியாவுக்காகச் செத்தவர்களுக்குத் தேசியப் போர் நினைவுச் சின்னம் எப்போது திறந்தது? 2019 பிப்ரவரி 25. வேண்டும் என்று முதலில் பேச்சு எழுந்தது 1960இல். நடுவில் சீனப் போர், இரண்டு பாகிஸ்தான் போர், கார்கில். பெயர்ப் பட்டியல் நீண்டுகொண்டே போனது. சுவர் மட்டும் எழவில்லை. அடிமைப்படுத்தியவன் பத்தாண்டில் கட்டி முடித்ததை, ஆண்டுகொண்டிருந்தவர்கள் அறுபதாண்டு யோசித்தார்கள்.

செத்த பிறகு காட்டும் மரியாதை தாமதமாகிறது என்றாவது சமாதானம் சொல்லலாம். சாகாமல் காப்பாற்றும் சாமான்? குண்டு துளைக்காத சட்டை 1,86,138 வேண்டும் என்று 2009இல் ஒப்புதல் ஆனது. வாங்குவதற்கான ஒப்பந்தம் கையெழுத்தானது 2018 ஏப்ரலில். தொகை 639 கோடி ரூபாய். ஒன்பது ஆண்டு. அந்த ஒன்பது ஆண்டில் பயங்கரவாதிகளும் டெண்டர் முடியட்டும் என்று காத்திருந்தார்களா? சியாச்சினில் பனி பூட்ஸ் வாங்கத் தாமதமாகிப் பழைய பூட்ஸையே சீர்செய்து போட்டுக்கொண்டார்கள் என்று 2020இல் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்ட சி.ஏ.ஜி. அறிக்கை சொன்னது. பனிக் கண்ணாடிக்கும் பற்றாக்குறை. டெல்லியில் கோப்பு பார்ப்பவருக்குக் கண்ணாடி மாற்றப் பற்றாக்குறை வந்ததாக எந்த அறிக்கையும் இல்லை.

2019 பிப்ரவரி 14. புல்வாமா. எழுபத்தெட்டு வாகனங்களில் கிட்டத்தட்ட 2,500 சி.ஆர்.பி.எஃப். காவலர்களைச் சாலை வழியாக அனுப்பினார்கள். நாற்பது பேர் செத்தார்கள். அவர்களில் இருவர் நம்மவர்கள். தூத்துக்குடி மாவட்டம் ஒருவர், அரியலூர் மாவட்டம் ஒருவர். ஒரே வாரம். பிப்ரவரி 21 அன்று உள்துறை அமைச்சகம் உத்தரவு போட்டது: காவலர்கள் எல்லாரும் ஜம்மு, ஸ்ரீநகருக்கு விமானத்தில் போகலாம். அதாவது அனுமதி கொடுப்பது அவ்வளவு சுலபம். ஒரு வாரம் முன்னால் போட்டிருக்க வேண்டிய கையெழுத்து. விமானம் கேட்டார்கள், தரவில்லை என்று அப்போது அங்கே ஆளுநராக இருந்த சத்யபால் மாலிக் 2023இல் பேட்டி கொடுத்தார். பதவியில் இருந்தபோது ஏன் சொல்லவில்லை என்று அவரிடம் திருப்பிக் கேட்டார்கள். நியாயமான கேள்வி. ஆனால் அது பதில் இல்லை.

நாற்பது சவப்பெட்டிகளும் விமானத்தில்தான் போயின. அதற்கு யாரும் அனுமதி கேட்க வேண்டியிருக்கவில்லை.

அடுத்து தேர்தல் வந்தது. படைவீரர்களின் படத்தைப் பிரசாரத்துக்குப் பயன்படுத்தக் கூடாது என்று தேர்தல் ஆணையம் மார்ச்சில் அறிவுரை விட்டது. ஏப்ரலில் மகாராஷ்டிரத்தின் லாத்தூரில், உங்கள் முதல் ஓட்டைப் பாலகோட் தாக்குதல் நடத்திய வீரர்களுக்கும் புல்வாமாவில் இறந்தவர்களுக்கும் அர்ப்பணிக்க முடியுமா என்று பிரதமர் இளைஞர்களைக் கேட்டார். ஆணையம் பரிசீலித்தது. விதிமீறல் இல்லை என்று முடித்தது. படம்தானே போடக் கூடாது? பேச்சில் ஏது படம்!

2020 ஜூன் 15. கல்வான். இருபது பேர். அதில் ஹவில்தார் பழனி ராமநாதபுரம் மாவட்டம் கடுக்கலூர்க்காரர். பின்னால் அவருக்கு வீர் சக்ரா அறிவித்தார்கள். சண்டை நடந்து நான்கு நாள் கழித்து அனைத்துக் கட்சிக் கூட்டத்தில், நம் எல்லைக்குள் யாரும் நுழையவும் இல்லை, யாரும் இருக்கவும் இல்லை என்று பிரதமர் பேசினார். மறுநாள் பிரதமர் அலுவலகம் விளக்கம் கொடுத்தது. பேச்சைத் தவறாகத் திரிக்கிறார்களாம். இருக்கட்டும். கடுக்கலூரில் யாராவது கேட்டால் என்ன சொல்வது? வராத ஆளோடு சண்டை போட்டா இருபது பேர் செத்தார்கள்?

இவர்கள் ஒரு கட்சி என்றால் மற்றவர்கள் யோக்கியமா என்று கேட்பீர்கள். வாருங்கள்.

மும்பை கொலாபாவில் ஆதர்ஷ் என்று முப்பத்தோரு மாடி. கார்கில் வீரர்களின் பெயரையும் அவர்கள் விதவைகளின் பெயரையும் சொல்லி அனுமதி வாங்கியதாக 2010இல் நாடே கொதித்தது. உள்ளே எட்டிப் பார்த்தால் அரசியல்வாதிகளின் சொந்தக்காரர்கள், அதிகாரிகள், தளபதிகள். காங்கிரஸ் முதல்வர் அசோக் சவாண் பதவி விலகினார். விசாரணை ஆணையம் வைத்தார்கள். அந்த நிலம் போர் விதவைகளுக்கென்று ஒதுக்கப்பட்டதே இல்லை என்றது ஆணையம். அதாவது நிலமும் அவர்களுடையது இல்லை, வீடும் அவர்களுடையது இல்லை. பெயர் மட்டும்தான் அவர்களுடையது. அதை இரவல் வாங்கிக்கொண்டார்கள். சவாண் மீது வழக்குத் தொடர ஆளுநர் கொடுத்த அனுமதியை 2017இல் உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. 2024இல் அவர் பா.ஜ.க.வில் சேர்ந்து மாநிலங்களவைக்குப் போனார். கட்டடத்தை இடிக்கச் சொல்லி 2016இல் தீர்ப்பு வந்தது. உச்ச நீதிமன்றம் தடை கொடுத்தது.

அதற்கு முன்னால் சவப்பெட்டி. கார்கிலில் 527 பேர் செத்தார்கள். அலுமினியப் பெட்டிகளை அமெரிக்க நிறுவனத்திடம் ஒன்று 2,500 டாலர் என்று ஐந்நூறு வாங்க ஒப்பந்தம் போட்டார்கள். அதிக விலை என்று 2001இல் சி.ஏ.ஜி. எழுதியது. வந்த பெட்டிகள் லாயக்கில்லை என்று ஒதுக்கப்பட்டன. 2009இல் குற்றப்பத்திரிகை. 2013இல் ஆதாரம் இல்லையென்று சிறப்பு நீதிமன்றம் எல்லாரையும் விடுவித்தது. நீதிமன்றத்தை மதிக்கிறோம். குற்றவாளி இல்லை. ஆனால் பெட்டி இருந்தது, விலை இருந்தது, பிணம் இருந்தது.

நம் மாநிலத்தையும் விட்டுவைக்க வேண்டாம். 1987இல் ராஜீவ் காந்தி அமைதிப்படை என்று அனுப்பினார். ஆயிரத்துக்கும் மேற்பட்ட இந்தியச் சிப்பாய்கள் ஈழ மண்ணில் செத்தார்கள். அங்கே செத்த மேஜர் ராமசாமி பரமேஸ்வரன் பரம் வீர் சக்ரா பெற்றவர். 1990இல் படை சென்னைத் துறைமுகத்தில் வந்து இறங்கியபோது முதல்வர் கருணாநிதி வரவேற்கப் போகவில்லை. அந்தப் படை யாழ்ப்பாணத்தில் செய்ததை மறக்கவோ மன்னிக்கவோ நான் சொல்லவில்லை. ஈழத்தமிழர் ரத்தமும் ரத்தம்தான். ஆனால் அனுப்பியவரை யாரும் வாசலில் நிறுத்தவில்லை. அவருடைய கட்சியோடு அடுத்தடுத்துக் கூட்டணி வைத்தார்கள். போனவனுக்குத்தான் முகம் திருப்பினார்கள். செத்தவர்களின் பெயரைப் பொறித்து இலங்கை அரசு கொழும்பு அருகே நினைவுச் சின்னம் எழுப்பி 2008இல் திறந்தது. நவாபு புத்தி இன்னும் வெளிநாட்டில்தான் இருக்கிறது.

சரி, காசு. 2017இல் வீர விருதுக்கான மாதப்படியை இரட்டிப்பாக்கினார்கள். பெரிய செய்தியாகப் போட்டார்கள். இரட்டிப்பான பிறகு பரம் வீர் சக்ராவுக்கு 20,000 ரூபாய். வீர் சக்ராவுக்கு 7,000. இது ஓய்வூதியத்துக்கு மேல் தருவது, அதையும் சொல்லிவிடுகிறேன். இப்போது இன்னொரு எண். முன்னாள் எம்.பி.யின் ஓய்வூதியம் 2025இல் மாதம் 31,000 ஆக உயர்ந்தது. ஐந்து ஆண்டுக்கு மேல் இருந்திருந்தால் கூடுதல் ஒவ்வொரு ஆண்டுக்கும் 2,500 தனி. பரம் வீர் சக்ராவைப் பெரும்பாலும் செத்துத்தான் வாங்க வேண்டும். எம்.பி. ஓய்வூதியத்துக்குத் தோற்றால் போதும்.

சி.ஆர்.பி.எஃப்., பி.எஸ்.எஃப். காவலர் 2004 ஜனவரி 1 அன்றோ அதற்குப் பிறகோ வேலையில் சேர்ந்திருந்தால் பழைய ஓய்வூதியம் கிடையாது. பங்களிப்பு ஓய்வூதியம், சந்தை நிலவரத்துக்கு உட்பட்டது. அவர்களும் நாட்டின் ஆயுதப்படைதான், பழைய ஓய்வூதியம் கொடுங்கள் என்று 2023 ஜனவரியில் டெல்லி உயர் நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது. மத்திய அரசு உச்ச நீதிமன்றம் போய்த் தடை வாங்கியது. செத்தால் தேசியக் கொடி. பிழைத்து வந்தால் பங்குச் சந்தை.

2022இல் இன்னும் சிக்கனமாக ஒரு வழி கண்டுபிடித்தார்கள். அக்னிபத். நான்கு ஆண்டு. நூறு பேரில் இருபத்தைந்து பேர் வரை தங்கலாம். மிச்சப் பேர் நன்றி, வீட்டுக்குப் போகலாம். பணியில் இறந்தால் 48 லட்சம் காப்பீடு, அதோடு கருணைத் தொகை. எல்லாம் ஒரே தவணை. குடும்ப ஓய்வூதியம் இல்லை. அக்கினி என்று பெயர் வைத்தவர் கைதேர்ந்த கணக்கர். எரிந்தால் சாம்பல்தான் மிச்சம், பாக்கி எதுவும் இருக்காது.

கையோ காலோ போய்த் திரும்பி வந்தவர்கள் கதை தனி. படைத் தீர்ப்பாயத்தில் வழக்குப் போட்டு ஊனமுற்றோர் ஓய்வூதியம் வாங்கினால், பாதுகாப்பு அமைச்சகம் மேல்முறையீட்டுக்குப் போகும். ஒன்றல்ல, நூற்றுக்கணக்கில். 2014 டிசம்பரில் ராம் அவ்தார் வழக்கில் உச்ச நீதிமன்றம் அப்படிப்பட்ட மேல்முறையீடுகளை மொத்தமாகத் தள்ளுபடி செய்தது. அதற்குப் பிறகும் பழக்கம் போகவில்லை. ஆண்டுதோறும் கார்கில் வெற்றி நாளில் வணக்கம் வைக்கிறது அரசு. மறுநாள் காலை பத்தரை மணிக்கு அதே சிப்பாய்க்கு எதிராக வக்கீலை நிறுத்துகிறது. வக்கீல் பீஸும் நம் வரிப்பணம். இவருக்கு ஓய்வூதியம் கொடுக்காமல் இருக்க நாம்தான் செலவு செய்துகொண்டிருக்கிறோம்.

இதெல்லாம் டெல்லி. தாலுகா எப்படி? எந்தத் தாலுகாவுக்கும் பொருந்தும் ஒரு காட்சி. மேசைக்கு எதிரே ஒரு பெண். கையில் மஞ்சள் பை. பைக்குள் புருஷனின் சாவுக் காகிதம், பிள்ளைகளின் பிறப்புக் காகிதம், இரண்டு செட் ஜெராக்ஸ். மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர் கண்ணாடியை இறக்கிப் பார்ப்பார்.

‘ஏம்மா, சர்வீஸ் ரெக்கார்டுல இனிஷியல் பின்னாடி இருக்கு. ஆதார்ல முன்னாடி இருக்கு. ரெண்டும் ஒரே ஆள்தானா?’

‘ஒரே ஆள்தான் சார். போன மாசம் நீங்களே மாலை போட்டீங்களே சார்.’

‘மாலை வேற, ரெக்கார்டு வேற. வி.ஏ.ஓ. கிட்ட ஒன் அண்ட் சேம் சர்டிபிகேட் வாங்கிட்டு வாங்க. பதினோரு மணிக்கு மேல வாங்க. இப்ப மீட்டிங்.’

வி.ஏ.ஓ. லீவில் இருப்பார். பொறுப்பு வி.ஏ.ஓ.வுக்கு இன்னொரு ஊர். அங்கே போனால், ‘இறந்தவர் நேர்ல வந்து கையெழுத்துப் போட்டாத்தாம்மா’ என்று சொல்லாததுதான் குறை. அந்த மனிதர் இருபது வயதில் படைக்குச் சேரப் போனபோது மார்பை அளந்தார்கள், கண்ணைப் பார்த்தார்கள், பல்லை எண்ணினார்கள், ஓட வைத்தார்கள். இனிஷியல் முன்னாலா பின்னாலா என்று யாரும் கேட்கவில்லை. துப்பாக்கியைக் கையில் கொடுத்துப் பனியில் நிறுத்தியபோதும் கேட்கவில்லை. செத்த பிறகுதான் அரசுக்கு ஆள் யார் என்ற சந்தேகம் வருகிறது.

ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும். இவ்வளவும் தெரிந்தும் போகிறார்கள். வேலூர்ப் பக்கம் கம்மவான்பேட்டைக்கு ராணுவப்பேட்டை என்றே பெயர். வீட்டுக்கு வீடு பட்டாளத்துக்காரர். எங்கள் பக்கத்திலும் ஆள்சேர்ப்பு முகாம் என்றால் விடியற்காலையில் ஏரிக்கரையில் பையன்கள் ஓடுவதைப் பார்க்கலாம். அவர்களில் எந்த அமைச்சர் வீட்டுப் பிள்ளையும் ஓடி நான் பார்த்ததில்லை. அந்தப் பிள்ளைகளுக்கு மூச்சு வாங்கும் போலிருக்கிறது.

டிசம்பர் 7 வரும். கொடிநாள். 1949இலிருந்து வருகிறது. முன்னாள் படைவீரர்கள், போர் விதவைகள் நலனுக்காக நம்மிடம் வசூல் செய்யும் நாள். செலவை அரசு பார்த்துக்கொள்ளக் கூடாதா, நம்மிடம் உண்டியல் நீட்டுவானேன் என்று கேட்காதீர்கள். அரசுக்கு வக்கீல் பீஸ் இருக்கிறது. மாவட்டத்தில் முதல் நன்கொடை போடும் படம் மறுநாள் பேப்பரில் வரும். பள்ளிக்கூடப் பிள்ளைகள் கையில் சின்னக் கொடிகளைக் கொடுத்து விற்கச் சொல்வார்கள். உங்களிடமும் யாராவது வருவார். பெரும்பாலும் ப்ளெக்ஸில் பார்த்த முகம்தான்.

காசு போடுங்கள். பிசினாறித்தனம் வேண்டாம், அந்தப் பணம் போக வேண்டிய இடம் நல்ல இடம். ஆனால் ரசீது கேளுங்கள். ரசீதில் வசூலித்தவர் பெயரைப் படியுங்கள். இனிஷியல் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். ப்ளெக்ஸில் முன்னால் இருந்து ரசீதில் பின்னால் இருந்தால் வாங்காதீர்கள். ரெண்டும் ஒரே ஆள்தான் என்று வி.ஏ.ஓ.விடம் எழுதி வாங்கிக்கொண்டு பதினோரு மணிக்கு மேல் வரச் சொல்லுங்கள்.